மூன்று சக்கர ஆஃப்ரோடு வண்டிக்கு ஸ்பேசரா, நீள ஆக்சிலா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய மூன்று சக்கர வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் பின் சக்கர அகலத்தில்தான் வந்து நிற்கும். கேட்கிற ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் நகரும்.

முதல்ல, எந்த வண்டியைப் பத்திப் பேசுறோம்?

முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, பைக் மாதிரி ஹேண்டில்பார், குறைந்த காற்றில் ஓடும் பருத்த டயர். பயணிகளை ஏற்றும் மூன்று சக்கர வண்டி அல்ல, மண்ணிலும் மணலிலும் சேற்றிலும் ஓட்டவென்றே செய்தது. ஹோண்டா 1970-ல் யூஎஸ்90 என்று கொண்டுவந்து பிறகு ஏடிசி90 என்று பெயர் மாற்றிய வண்டி இந்த வகையைப் பரவலாக்கியது. அதற்குப் பிறகு ஏடிசி 200எக்ஸ், 250ஆர், 350எக்ஸ், யமஹாவின் ட்ரை-இசட், கவாசாகியின் டெகேட் என்று வரிசையாக வந்தன. விபத்துகள் பெருகவே அமெரிக்காவில் 1987 முடிவோடு புதிய வண்டி விற்பனை நின்றது, 1988-ல் நீதிமன்ற ஒப்பந்தம் அதை உறுதி செய்தது. ஆக இன்று பேசுகிற வண்டி எதுவானாலும் பெரும்பாலும் 40 வயதை ஒட்டியது. பேரிங் (ஆக்சிலைத் தாங்கிச் சுற்றவிடும் வளையம்), ஆக்சில் (பின் சக்கரங்களை இணைத்துச் சுழலும் தண்டு) பற்றிப் பேசும்போது இந்த வயதை மறக்கக் கூடாது.

இன்னொன்று. இவற்றில் பின் ஆக்சில் பொதுவாக ஒரே கம்பி. இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் நடுவில் கிடையாது, இரண்டு பின் சக்கரமும் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். கீழே வரும் பாதி பதில்கள் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

ஸ்பேசர்னா என்ன, நீள ஆக்சில்னா என்ன? ரெண்டும் ஒரே வேலையைத்தானே செய்யுது?

வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வேலைதான், பின் டயர்கள் வெளியே தள்ளி நிற்கும். ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் (ஆக்சில் முனையில் சக்கரம் மாட்டும் பாகம்) ரிம்முக்கும் (டயர் உட்காரும் உலோகச் சக்கரம்) நடுவே வைக்கிற அலுமினிய வட்டு. ஆக்சிலும் ஹப்பும் இருந்த இடத்திலேயே இருக்கும், ரிம் மட்டும் வெளியே போகும். நீள ஆக்சில் என்றால் பழைய ஆக்சிலைக் கழற்றிவிட்டு அதைவிட நீளமான ஒன்றைப் போடுவது. அப்போது ஹப்பும் ரிம்மும் சேர்ந்தே வெளியே போகும்.

ஹப் எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியமான வித்தியாசம். ஸ்பேசர் போட்டால் ஹப் முகத்துக்கும் சக்கரத்தின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம் மாறுகிறது, ஹப்பும் அதில் நீட்டியிருக்கும் மரைக் கம்பிகளான ஸ்டட்டும் கூடுதல் வளைவு விசையைத் தாங்க வேண்டும். நீள ஆக்சிலில் அந்த தூரம் மாறாது. வேலையிலும் பெரிய வித்தியாசம் உண்டு. ஸ்பேசர் மாட்ட ஸ்பானரும் ஜாக்கும் போதும். ஆக்சில் மாற்ற ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்), பிரேக், பேரிங் என்று பின்பக்கம் முழுக்கப் பிரிக்க வேண்டும்.

பிளஸ் 2, பிளஸ் 4னு போட்டிருக்கே, அது ஒரு பக்கத்துக்கா, ரெண்டு பக்கத்துக்குமா?

ஆக்சிலில் பொதுவாக மொத்த அகலம். பிளஸ் 4 என்றால் 4 அங்குலம் கூடும், பக்கத்துக்கு 2 அங்குலம், அதாவது சுமார் 50 மி.மீ. ஸ்பேசரில் எழுதியிருப்பது அந்த ஒரு வட்டின் தடிமன். 2 அங்குல ஸ்பேசர் ஜோடி போட்டால் மொத்தம் 4 அங்குலம் கூடும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தேவையானதைப் போல இரு மடங்கு வாங்கி வைத்திருப்பவர்கள் நிறைய. கீழே நான் எப்போதும் பக்கத்துக்கு எவ்வளவு என்றே சொல்கிறேன்.

அகலம் கூட்டினா வண்டி கவிழாதுல்ல?

எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள், பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. நான்கு சக்கர வண்டி பக்கவாட்டில் சாய்ந்தால் ஒரே பக்கத்தின் முன் பின் சக்கரங்களை இணைக்கும் கோட்டின் மேல் புரளும். மூன்று சக்கர வண்டியில் அந்தக் கோடு முன் சக்கரத்திலிருந்து சாய்வாக ஓடி வெளிப்புறப் பின் சக்கரத்தில் முடிகிறது. எடை மையமோ இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அதனால் பின்னால் கூட்டுகிற அகலம் முழுதும் எடை மையத்துக்கு வந்து சேராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன் பின் சக்கர இடைவெளி 1200 மி.மீ., நடுவிலிருந்து ஒரு பின் டயரின் நடுக்கோடு வரை 400 மி.மீ., எடை மையம் முன் சக்கரத்திலிருந்து 720 மி.மீ. பின்னால், ஆள் உட்கார்ந்த நிலையில் அதன் உயரம் 700 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். புரளும் கோட்டுக்கும் எடை மையத்துக்கும் இடையே கிடை தூரம் சுமார் 228 மி.மீ. வரும். இப்போது பக்கத்துக்கு 50 மி.மீ. கூட்டினால் அது 253 ஆகும். 50 கொடுத்து 25 வாங்கியிருக்கிறோம். புரளத் தொடங்கும் சாய்வுக் கோணம் சுமார் 18 டிகிரியிலிருந்து 20-ஐ எட்டும், அவ்வளவுதான். லாபம் இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அதை நம்பி முன்பைவிட வேகமாகத் திருப்பினால் அந்த 2 டிகிரி கண் இமைப்பதற்குள் தீர்ந்துவிடும்.

ஓட்டுபவரின் உடம்பு செய்யும் வேலையையும் இதே கணக்கில் பாருங்கள். வண்டி 130 கிலோ, ஆள் 75 கிலோ. அவர் தன் உடம்பை 15 செ.மீ. உள்பக்கம் நகர்த்தினால் மொத்த எடை மையம் சுமார் 55 மி.மீ. நகரும். காசு கொடுத்து வாங்கிய அந்த 25 மி.மீ.-ஐப் போல இரு மடங்கு, அதுவும் இலவசமாக. இந்த வண்டியில் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி திருப்புகிறவருக்கு எந்த ஆக்சிலும் போதாது.

பிரேக் பிடிக்கும்போது இது இன்னும் மோசம். எடை முன்னால் போகிறது, முன்னால் போகப் போக முக்கோணம் குறுகுகிறது. இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே திருப்புகிற இடத்தில்தான் இந்த வண்டிகள் ஆளைத் தூக்கி எறியும், அங்கே பின் அகலம் செய்வது மிகக் குறைவு. திருப்பத்துக்கு முன்பே பிரேக்கை முடித்துவிட்டு, திருப்பத்தில் மெல்ல ஆக்சிலரேட்டர் கொடுத்தால் எடை அகலமான பக்கத்துக்கு வரும்.

அப்போ அகலம் எதுக்குத்தான்?

சரிவுக்குக் குறுக்கே மெதுவாகப் போகும்போது நன்றாகத் தெரியும். திறந்த மணல்வெளி, தட்டையான மண் டிராக் மாதிரி இடங்களில் பின்பக்கம் வழுக்கிச் செல்லும்போது வண்டி நிதானமாக இருக்கும், உள் சக்கரம் திடீரென்று தூக்குவது குறையும். அப்புறம் அகலமான டயர் போட்டு அது ஸ்விங்ஆர்மிலோ (பின் ஆக்சிலைத் தாங்கும் கை) செயினிலோ உரசினால் இடைவெளிக்காகவும் தேவைப்படும்.

மரங்களுக்கு நடுவே குறுகலான தடத்தில் ஓட்டுபவர்களுக்கு லாபத்தைவிட தொல்லை அதிகம். முன் சக்கரம் தப்பிய வேரிலும் கல்லிலும் பின் சக்கரம் போய் மோதும், ஓட்டுபவர் பின்னால் பார்ப்பதில்லை. மட்கார்டுக்கு வெளியே டயர் நீட்டிக்கொண்டிருந்தால் சேறு முதுகுக்கும் தலைக்கும் வரும். இதை வாங்குவதற்கு முன் யாரும் யோசிப்பதில்லை, முதல் மழை நாளில் எல்லாரும் யோசிக்கிறார்கள்.

முன் சக்கரத்துக்கும் ஸ்பேசர் போடலாமா?

ஒரே சக்கரம், அது நடுவில் இருந்தே ஆக வேண்டும். போட எதுவும் இல்லை.

ஸ்பேசர்ல எத்தனை வகை? எதை வாங்கக் கூடாது?

இரண்டு வகை. முதலாவது ஓட்டை மட்டும் உள்ள வட்டு. ஹப்பிலிருக்கும் அதே ஸ்டட் இதன் வழியாக வந்து ரிம்மைப் பிடிக்க வேண்டும், எனவே நட் பிடிக்கக் கிடைக்கும் ஸ்டட் நீளத்தில் வட்டின் தடிமன் அளவு குறைந்துவிடும். மெல்லிய வட்டுக்கு மட்டும் இது சரி, அதுவும் பெரும்பாலும் ஸ்டட்டை நீளமானதாக மாற்றிவிட்டுத்தான். இரண்டாவது வகை தன் நட்டுகளால் ஹப்பில் முடுக்கப்படும், ரிம்முக்கு அதிலேயே தனி ஸ்டட்டுகள் இருக்கும். நட் உள்ளே அடங்க இடம் வேண்டும் என்பதால் இது ஏறக்குறைய 25 மி.மீ. தடிமனில்தான் தொடங்கும். உங்களுக்கு 25 அல்லது அதற்கு மேல் தேவை என்றால் இந்த இரண்டாவது வகையைத் தவிர வேறெதையும் பார்க்காதீர்கள்.

6061-டி6 மாதிரி கட்டி அலுமினியத்தில் கடைந்து எடுத்தது நல்லது, வார்ப்பு அலுமினியம் வேண்டாம். என்ன உலோகம் என்றே சொல்லாமல் விற்பதையும் விட்டுவிடுங்கள். நட்டின் உட்காரும் முகத்தையும் பாருங்கள். இந்த வண்டிகளின் ரிம்கள் பலவற்றில் கூம்பு முக நட்தான் ரிம்மை நடுவில் நிறுத்துகிறது. ஸ்பேசரோடு வந்த நட்டின் கூம்பும் ரிம்மின் குழியும் ஒத்துப்போகவில்லை என்றால் எவ்வளவு முடுக்கினாலும் சக்கரம் ஆடும், கொஞ்ச நாளில் ஓட்டை முட்டை வடிவமாகும்.

நட் எவ்வளவு சுற்று பிடிச்சா போதும்?

ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ குறைந்தது அவ்வளவு ஆழம் மரை பிடிக்க வேண்டும். பலவற்றில் இருக்கிற எம்10, 1.25 மி.மீ. மரைக்கு அது 8 முழுச் சுற்று. கையால் ஏற்றும்போதே எண்ணிப் பார்த்துவிடலாம். 5 சுற்றில் நின்றுவிட்டால் ஸ்டட்டை மாற்றுங்கள், மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள்.

போல்ட் இடைவெளியை எப்படி அளக்கிறது? நாலு ஓட்டைதானே, எல்லாம் ஒண்ணுதானே?

ஒன்றல்ல. நான்கு ஸ்டட்டின் நடுப்புள்ளிகள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம்தான் கணக்கு. நான்கு ஸ்டட் என்றால் எதிரெதிரே இருக்கும் இரண்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் போதும். ஆக்சில் முனை குறுக்கே நின்று அளக்க முடியவில்லை என்றால் பக்கத்துப் பக்கத்து ஸ்டட் இரண்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து 1.414-ஆல் பெருக்குங்கள். ஹப்புகளில் 110 மி.மீ. வட்டமும் 115 மி.மீ. வட்டமும் உண்டு, 5 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சக்கரம் உட்காராது. ஹப்பின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் ஆக்சில் முனையும் நட்டும் ஸ்பேசரின் நடு ஓட்டையில் அடங்குமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஸ்பேசர் போட்டா பேரிங் போயிடும், நீள ஆக்சில் போட்டா போகாதுன்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. பேரிங்குக்கு யார் டயரை வெளியே தள்ளினார்கள் என்று தெரியாது. டயரின் நடுக்கோடு பேரிங்கிலிருந்து எவ்வளவு தூரம் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்த தூரம் 250 மி.மீ. இருந்து 300 ஆனால் பேரிங்கருகே வளைவு விசை 20 சதவீதம் கூடும், அது ஸ்பேசரால் கூடினாலும் ஆக்சிலால் கூடினாலும் ரிம்மால் கூடினாலும் ஒன்றே.

வித்தியாசம் மற்ற பாகங்களில். ஸ்பேசர் போட்டால் அந்தக் கூடுதல் விசையைத் தாங்குவது கம்பெனி போட்ட பழைய ஆக்சில். அது அந்த அகலத்துக்குச் செய்ததல்ல, 40 வருஷம் குதித்தும் வந்திருக்கிறது. நல்ல நீள ஆக்சில்கள் 4130, 4340 மாதிரி குரோமோலி எஃகில், வெப்பப் பதம் செய்து வருகின்றன, அந்த வளைவை எதிர்பார்த்தே செய்தவை. போதாததற்கு ஸ்பேசர் ஒரு கூடுதல் இணைப்பைச் சேர்க்கிறது: முன்பு பக்கத்துக்கு நான்கு நட், இப்போது எட்டு. அதில் நான்கு ரிம்முக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், சக்கரத்தைக் கழற்றாமல் தளர்ந்ததா என்று பார்க்க முடியாது.

அதனால் எது போட்டாலும் அதே வேலையில் பேரிங்கைப் பார்த்துவிடுங்கள். பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் டக் டக் என்று ஆட்டம் தெரிந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

அப்போ எதை வாங்கலாம்? ஒரே வரியில சொல்லுங்க.

ஒரே வரியில் முடியாது, இரண்டு வரியில் சொல்கிறேன். டயர் உரசுகிறது, பக்கத்துக்கு 25 மி.மீ. போதும், நிதானமாக ஓட்டுவேன் என்றால் நல்ல ஸ்பேசர் போதும். பக்கத்துக்கு 50 மி.மீ. வேண்டும், அல்லது குதிப்பேன், மணலில் துடுப்பு டயர் (மணலைத் தள்ள துடுப்பு போன்ற பட்டைகள் உள்ளது) போட்டு முழு வேகத்தில் ஓட்டுவேன் என்றால் ஆக்சில்தான்.

நடுவில் இருப்பவர்களுக்கு என் கருத்து: எவ்வளவு அகலம் பிடிக்கிறது என்றே தெரியாதபோது ஒரு ஜோடி ஸ்பேசர் போட்டு மென்மையாக ஓட்டிப் பாருங்கள். கூடுதல் அகலம் உங்கள் தடத்துக்குத் தொல்லை என்று தெரிந்தால் அரை மணி நேரத்தில் கழற்றிவிடலாம். பிடித்தால் அப்போது ஆக்சிலுக்குப் போங்கள். நேராக பிளஸ் 4 ஆக்சில் போட்டுவிட்டு திருப்பமே வரவில்லை என்று புலம்புவதைவிட இது மலிவு. அகலத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய ஆக்சிலும் உண்டு. ஸ்பிளைன் (ஹப் கோத்துக்கொள்ளும் பல்வரிசை) நீளமாக இருக்கும், வளையங்களை ஹப்பின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ போட்டு ஹப்பை நகர்த்தலாம். விலை கூடுதல், ஆனால் டிராக்கும் காடும் இரண்டும் ஓட்டுபவருக்குத் தகும்.

ரிம்மையே திருப்பிப் போட்டா அகலம் வந்துடும்ல? செலவே இல்லையே.

வரும். ரிம்மின் தட்டு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருந்தால், திருப்பும்போது டயர் வெளியே போகும். ரிம்களில் இதை இரண்டு எண்ணாக, 3+5 என்பது போல எழுதியிருப்பார்கள், தட்டிலிருந்து உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் எத்தனை அங்குலம் என்று. எது உள்ளே, எது வெளியே என்பதை வாங்கும் இடத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். 3-உம் 5-உம் இடம் மாறினால் டயர் 2 அங்குலம் நகரும்.

திருப்புவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். நட்டின் கூம்பு உட்காரும் குழி ரிம்மின் மறுபக்கத்திலும் இருக்கிறதா? இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். காற்று வால்வு உள்பக்கம் போய் எதிலாவது இடிக்கிறதா? டயரில் சுழலும் திசை அம்பு இருந்தால், இடது சக்கரத்தைத் திருப்பாமல் அப்படியே தூக்கிக்கொண்டு போய் வலப்பக்கம் மாட்டுங்கள், வலதை இடப்பக்கம். உள்முகம் வெளியே வந்துவிடும், திசையும் மாறாது. விசைக் கணக்கு மட்டும் பேரிங் பதிலில் சொன்னதேதான், இலவசமாக வந்த அகலம் என்பதால் பேரிங் தள்ளுபடி தராது.

போட்டதுக்கப்புறம் வண்டி திரும்ப மாட்டேங்குது, முன் சக்கரம் நேராவே தள்ளிக்கிட்டுப் போகுது. ஏன்?

முதல் பதிலில் சொன்ன ஒரே கம்பி ஆக்சில்தான் காரணம். 90 டிகிரி திரும்பும்போது வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட எவ்வளவு கூடுதலாக ஓட வேண்டும் என்பது திருப்பம் பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்ததல்ல, இரண்டு பின் டயருக்கும் உள்ள தூரத்தை மட்டும் பொறுத்தது. 800 மி.மீ. என்றால் சுமார் 1.26 மீட்டர், 900 என்றால் 1.41 மீட்டர். இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் அந்த வித்தியாசம் முழுதையும் ஏதோ ஒரு டயர் வழுக்கித்தான் தீர்க்க வேண்டும்.

அந்த வழுக்கலை எளிதாக்குவது உள் சக்கரத்தின் மேல் எடை குறைவது. அகலம் கூட்டினால் அதே வேகத்தில் உள் சக்கரத்திலிருந்து எடை குறைவாகத்தான் நகரும். அதாவது கவிழாமல் காப்பதும் திரும்பவிடாமல் தடுப்பதும் ஒரே காரணம், ஒன்றை வாங்கினால் மற்றதும் கூடவே வரும். தீர்வு ஓட்டும் முறையில்தான் முதலில் தேட வேண்டும்: உடம்பை முன்னாலும் உள்பக்கமும் கொண்டுபோங்கள், ஆனால் உங்கள் எடையை வெளிப்புறக் கால்படியில் அழுத்துங்கள். உள் சக்கரம் லேசாகி வழுக்கும், முன் டயர் பிடிக்கும். அடுத்தது முன் டயர். பின்னால் புது டயரும் அகலமும் கொடுத்துவிட்டு முன்னால் வழவழத்த பழைய டயரை வைத்திருந்தால் வண்டி நேராகத்தான் போகும். பின் டயர்கள் இரண்டும் ஒரே சுற்றளவில் இருக்கின்றனவா என்றும் அளந்து பாருங்கள், காற்று வித்தியாசமே போதும் ஒரு பக்கம் இழுக்க.

ரெண்டு ஸ்பேசரை ஒண்ணுக்கு மேல ஒண்ணு அடுக்கலாமா? நீள ஆக்சிலோட ஸ்பேசரும் சேர்த்துப் போடலாமா?

அடுக்க வேண்டாம். ஒளிந்திருக்கும் நட்டுகள் இரு மடங்காகும், ஆட்டமும் ஒன்றோடொன்று கூடும்.

நீள ஆக்சிலோடு ஒரு மெல்லிய வட்டு, டயர் எதிலாவது உரசுகிறது என்பதற்காக, பரவாயில்லை. மேலும் அகலம் வேண்டும் என்று தடித்த ஸ்பேசர் சேர்ப்பதானால் ஆக்சில் அளவையே தப்பாக வாங்கியிருக்கிறீர்கள்.

ஒரு பக்கம் மட்டும் போட்டா என்ன?

வண்டி எப்போதும் ஒரு பக்கம் இழுக்கும், ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம். போடாதீர்கள்.

லேத்துல குடுத்து பழைய ஆக்சிலையே வெட்டி, நடுவுல ஒட்டு வெச்சு வெல்டு பண்ணிக்கலாமா?

கூடாது. சுற்றும் ஆக்சிலின் மேற்பரப்பில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுற்றுக்கு ஒரு முறை இழுபட்டு ஒரு முறை அழுந்துகிறது. 22 அங்குல டயரில் ஒரு கிலோமீட்டருக்கு இது சுமார் 570 தடவை. வெல்டிங் சூட்டில் பக்கத்து எஃகின் பதம் போய்விடுகிறது, விரிசல் அங்கேதான் பிறக்கும், ஒரு நாள் ஒடியும். எச்சரிக்கை எதுவும் தராமல் சக்கரம் தனியாகப் போகும், அதுவும் விசை உச்சத்தில் இருக்கிற நேரத்தில், அதாவது நீங்கள் வேகமாகத் திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோ.

பழைய நீள ஆக்சில் கிடைக்குது. என்ன பார்த்து வாங்கணும்?

முதலில் உங்கள் வண்டிக்கானதா என்பது. மாடல் பெயர் மட்டும் போதாது, வருஷமும் வேண்டும். ஏடிசி 250ஆர் 1981 முதல் 84 வரை காற்றால் குளிரும் எஞ்சின், 1985, 86-ல் நீரால் குளிரும் எஞ்சின். பெயர் ஒன்று, வண்டி வேறு. ஸ்ப்ராக்கெட் ஹப், பிரேக் ஹப், சக்கர ஹப் மூன்றின் ஸ்பிளைனும் பேரிங் உட்காரும் விட்டமும் பொருந்த வேண்டும். பழைய ஆக்சிலைக் கையில் வைத்துக்கொண்டு பல்லை எண்ணி, வெர்னியரால் அளந்து ஒப்பிடுங்கள்.

அப்புறம் நேராக இருக்கிறதா. பேரிங் உட்காரும் இரண்டு இடத்திலும் வி-பிளாக்கில் (வி வடிவப் பள்ளம் உள்ள தாங்கி) தாங்கவிட்டுச் சுற்றி, முனையில் டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் முள் கருவி) வைத்துப் பார்ப்பதுதான் சரியான முறை. அது இல்லையென்றால் தட்டையான கண்ணாடி மேல் உருட்டினால் மோசமான வளைவாவது தெரிந்துவிடும். ஹப்பை ஸ்பிளைனில் ஏற்றி முன்னும் பின்னும் திருகிப் பாருங்கள், டக்கென்று ஆடினால் பல் தேய்ந்துவிட்டது, அது இனி தேய்ந்துகொண்டேதான் போகும். மரை முடியும் இடம், வளைய லாக் உட்காரும் பள்ளம் இரண்டிலும் விரிசல் இருக்கிறதா என்று துடைத்துவிட்டுப் பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த பழைய ஆக்சில் என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

ஆக்சில் நட் அடிக்கடி தளர்ந்துடுது. எவ்வளவு முடுக்கினாலும் நிக்கல.

பல மாடல்களில் ஸ்ப்ராக்கெட், பேரிங் பக்கம் இரண்டு நட் இருக்கும். ஒன்று முடுக்க, இன்னொன்று அதைப் பூட்ட. பலர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து முடுக்கிவிடுகிறார்கள். உள் நட்டை அதன் அளவுக்கு முடுக்கி, அதை அசையாமல் ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு, வெளி நட்டை அதன் மேல் இறுக்க வேண்டும். மரையில் எண்ணெய் துளிகூட இல்லாமல் துடைத்துவிட்டு த்ரெட் லாக்கர் (மரை தளராமல் பிடிக்கும் பசை) போடுங்கள். அளவை உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்திலிருந்தோ ஆக்சில் செய்தவர் கொடுத்த தாளிலிருந்தோ எடுங்கள், முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். பைப் மாட்டி ஏறி நின்று முடுக்குவது அளவல்ல. இதையெல்லாம் செய்தும் தளர்ந்தால் நட்டில் பிரச்சினை இல்லை, ஸ்பிளைனோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது, ஆட்டம்தான் நட்டைக் கழற்றுகிறது.

ஸ்பேசர் நட்டுக்கும் இதே புத்தி. ஹப் முகத்தில் துரு, சேறு, தடித்த பெயின்ட் இருந்தால் சுரண்டிவிட்டு மாட்டுங்கள், நடுவில் எது இருந்தாலும் அது நசுங்கிப் போனதும் நட் தளரும். முதல் ஓட்டம் முடிந்ததும் சக்கரத்தைக் கழற்றி ஒளிந்திருக்கும் நான்கையும் மறுபடி முடுக்குங்கள்.

மேடு ஏறும்போது முன் சக்கரம் தூக்குது. அகல ஆக்சில் போட்டா நிக்குமா?

நிற்காது. பின்னால் மல்லாந்து விழுவதைத் தடுப்பது வண்டியின் நீளம், அகலம் அல்ல. அதற்கு நீளமான ஸ்விங்ஆர்ம் என்று தனியாக உண்டு, அதற்கு முன்னால் உடம்பை ஹேண்டில்பாருக்கு மேல் கொண்டுபோய்ப் பாருங்கள். ஏற முடியாது என்று தெரிந்தால் பாதி மேட்டில் குறுக்கே திருப்பாதீர்கள், அங்கே 20 டிகிரியும் போதாது.

அகலம் கூடினா கால் மேல டயர் ஏறாதுன்னு ஒருத்தர் சொன்னார்.

நம்பாதீர்கள். பைக் பழக்கத்தில் திருப்பத்தில் காலைத் தரையில் ஊன்றுவார்கள். ஊன்றிய கால் நின்ற இடத்தில் நிற்க, பின்னாலிருந்து வரும் டயர் கணுக்காலில் ஏறி ஆளையே கீழே இழுத்துவிடும். டயர் 50 மி.மீ. வெளியே போனால் கால் தப்பிக்கும் இடம் கூடவில்லை, டயர் பிடிக்கும் இடம்தான் கொஞ்சம் வெளியே நகர்ந்திருக்கிறது. கால் எப்போதும் கால்படியில் இருக்க வேண்டும். அகலமான கால்படியும் காலுக்கும் டயருக்கும் நடுவே தடுப்பு வலையும் போடுங்கள், ஆக்சில் விலையில் சிறு பங்குதான் ஆகும்.

பையனுக்கு 70 சிசி வண்டி, அதுல அகலம் கூட்டினா பாதுகாப்புதானே?

சிறுவனின் எடை குறைவு, அதனால் உடம்பைச் சாய்த்துச் சமாளிக்கும் வழி பெரியவருக்கு இருக்கிற அளவு அவனுக்கு இல்லை. அகலம் அவனுக்கு ஒப்பீட்டில் கொஞ்சம் அதிகமாக உதவும், அது உண்மை. ஆனால் முன்பு சொன்னதுபோல் முன் சக்கரம் தள்ளிக்கொண்டு போவதும் கூடும், அதைச் சமாளிக்க உள் சக்கரத்தை லேசாக்கும் எடையும் அவனிடம் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் இந்த வகை வண்டிகளை, நான்கு சக்கரமே ஆனாலும், 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஓட்டவே வேண்டாம் என்கிறது. ஸ்பேசர் கேட்டு வரும் அப்பாக்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன், கேட்டுவிட்டு ஸ்பேசர் விலையைத்தான் விசாரிப்பார்கள்.